முன்னாள் பிரிட்டிஷ் காலனி நாடுகளில் சாரணர் சாரணியர் இயக்கம்

சாரணர் இயக்கம் என்பது சிறுவர், சிறுமியர், இளைஞர் ஆகியோருக்குப் பாசறை வாழ்க்கை, கைத்திறன், முதலுதவி, பொதுத்தொண்டு ஆகியவற்றின் வழியாக நற்பழக்கங்களைக் கற்பிக்கும் உலகளாவிய அமைப்பாகும். பெண்களுக்கான பிரிவு சாரணியர் இயக்கம் என அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் தோன்றிய இவ்வியக்கம் ஒரு சில ஆண்டுகளிலேயே பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரவியது. ஆனால் பல இடங்களில் அது முதலில் ஐரோப்பியச் சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்தந்த மண்ணின் பிள்ளைகள் சாரணச் சீருடை அணியும் உரிமையைப் போராடியே பெற வேண்டியிருந்தது. இந்தியா, இலங்கை, மலாயா, தென்னாப்பிரிக்கா, கானா, பர்மா ஆகிய நாடுகளில் அந்த உரிமை எவ்வாறு மறுக்கப்பட்டது, எவ்வாறு கிடைத்தது, விடுதலைக்குப் பின் இயக்கம் என்ன ஆனது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

இயக்கத்தின் நிறுவனர் ராபர்ட் பேடன் பவல் 1857 பிப்ரவரி 22 அன்று லண்டனில் பிறந்தார். 1876இல் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்து லக்னோவில் பணியைத் தொடங்கினார். பின்னர் ஆப்பிரிக்காவில் பல போர்களில் பங்கேற்றார். 1897இல் மீண்டும் இந்தியா வந்து ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். தடம் பார்த்தல், வேவு பார்த்தல், காட்டில் தனியே வழி கண்டுபிடித்தல் போன்ற திறன்களைப் படைவீரர்களுக்குச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தார். அந்தப் பயிற்சியின் அடிப்படையில் படைவீரர்களுக்காக அவர் எழுதிய கையேடு 1899இல் வெளிவந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் மேஃபெகிங் நகரைப் போயர் படைகள் முற்றுகையிட்டன. 217 நாள்கள் நீடித்த அந்த முற்றுகையில் நகரைக் காத்ததால் பேடன் பவல் இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்றார். செய்தி கொண்டு செல்லும் வேலைக்காக அங்கே வெள்ளையர் சிறுவர்களைக் கொண்ட ஒரு படை அமைக்கப்பட்டிருந்தது. பரோலோங் என்னும் கறுப்பின மக்களும் நகரைக் காப்பதில் பங்கு கொண்டனர். ஆயினும் பிற்காலத்தில் சாரணர் வரலாற்றில் இடம்பெற்றது வெள்ளையர் சிறுவர் படையின் கதை மட்டுமே.

1907 ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களுடன் பேடன் பவல் ஒரு பாசறை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒரே கூடாரத்தில் தங்கினர். வகுப்பு வேறுபாடு மிகுந்த அக்கால இங்கிலாந்தில் அது புதுமையாக இருந்தது. 1908இல் சிறுவர்களுக்கான சாரணர் கையேடு தவணை முறையில் வெளிவந்தது. சிறுவர்கள் அதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே அணிகளை அமைத்துக்கொண்டனர். 6 முதல் 8 பேர் கொண்ட அணி, அவர்களுள் ஒருவரே அணித்தலைவர், நாள்தோறும் ஒரு நற்செயல், திறமைக்கு ஏற்பச் சின்னங்கள் என்னும் எளிய அமைப்பே இயக்கம் வேகமாகப் பரவக் காரணம். ஆசிரியர் ஒருவரும் கயிறும் கொஞ்சம் திறந்தவெளியும் இருந்தால் எந்த ஊரிலும் ஒரு சாரணர் படையைத் தொடங்கிவிடலாம்.

தமிழில் இவ்வியக்கத்துக்குச் சாரணர் என்னும் சொல் நிலைத்துவிட்டது. இது பழைய சொல். ஒற்றர் என்னும் பொருளும் இதற்கு உண்டு. ஓரிடத்தில் தங்காது அறம் உரைத்துத் திரியும் துறவியர் என்னும் பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளோடு செல்லும் கோவலனும் கண்ணகியும் வழியில் சந்திப்பது இத்தகைய சாரணரைத்தான்.

காலனி மண்ணிலிருந்து வந்த அடையாளங்கள்

சாரணர் இயக்கத்தின் அடையாளங்கள் பலவற்றின் வேர் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளது. ஒரு தட்டில் பல பொருள்களை வைத்துச் சிறிது நேரம் காட்டிவிட்டு மூடி, நினைவிலிருந்து அவற்றைச் சொல்லச் செய்யும் விளையாட்டுக்குக் கிம் விளையாட்டு என்று பெயர். இந்தியாவைக் களமாகக் கொண்டு கிப்ளிங் எழுதிய கிம் என்னும் நாவலிலிருந்து அது எடுக்கப்பட்டது. 1916இல் சிறு வயதினருக்காகக் குருளையர் பிரிவு தொடங்கப்பட்டபோது கிப்ளிங்கின் காட்டுக் கதைகளே அதற்குப் பின்னணி ஆயின. அக்கேலா, பாலு, பகீரா போன்ற பெயர்களைச் சொல்லி லண்டன் சிறுவர்கள் விளையாடினர். அந்தக் கதைகளின் களம் மத்திய இந்தியாவின் சியோனி காடுகள்.

சாரண ஆசிரியர்களின் உயர்பயிற்சிக்கு அடையாளமாக 1919 முதல் மரமணிச் சின்னம் வழங்கப்பட்டு வருகிறது. அதன் முதல் மணிகள் ஜூலு தலைவர் தினுஜூலுவின் கழுத்து மாலையைச் சேர்ந்தவை என்பது பேடன் பவல் கூறிய வரலாறு. பிரவுன்சீ பாசறையில் சிறுவர்களை எழுப்ப ஊதப்பட்ட கூடு மானின் கொம்பும் ஆப்பிரிக்கப் போரில் கிடைத்ததே. சாரணர்கள் இடக்கையால் கைகுலுக்கும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி மக்களிடமிருந்து வந்தது என்று இயக்கத்தில் மரபாகச் சொல்லப்படுகிறது.

இவ்வாறு காலனி மக்களின் மணியும் கொம்பும் காடும் இயக்கத்துக்குள் முதலிலேயே வந்துவிட்டன. அந்த மக்களின் பிள்ளைகள் உள்ளே வருவதற்கே தடை இருந்தது.

இரண்டு நெறிகள்

சாரணராகச் சேரும் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளுக்கும் அரசருக்கும் செய்ய வேண்டிய கடமையைச் செய்வது, பிறருக்கு எப்போதும் உதவுவது, சாரணர் நெறிகளுக்குக் கீழ்ப்படிவது ஆகியவையே தொடக்ககால உறுதிமொழியின் கூறுகள். நெறிகளுள் இரண்டு காலனி நாடுகளில் பெரும் சிக்கலை உண்டாக்கின.

இரண்டாம் நெறி, சாரணர் அரசருக்கும் மேலதிகாரிகளுக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்றது. நான்காம் நெறி, சாரணர் அனைவருக்கும் நண்பர், மற்றச் சாரணர் எந்தச் சமூக வகுப்பைச் சேர்ந்தவராயினும் அவருக்குச் சகோதரர் என்றது. இங்கிலாந்தில் இவ்விரண்டும் முரண்படவில்லை. காலனிகளில் முரண்பட்டன. இந்தியச் சிறுவன் ஒருவன் சாரணராகிவிட்டால், நான்காம் நெறிப்படி அவன் ஆங்கிலேயச் சிறுவனுக்குச் சகோதரன் ஆகிவிடுவான். சகோதரன் என்று ஏற்றுக்கொண்டவனை இரயில் பெட்டியிலும் மன்றத்திலும் தள்ளி வைப்பது எவ்வாறு என்னும் கேள்வி எழும். அதனால் அதிகாரிகள் இரண்டாம் நெறியை வலியுறுத்தினர். காலனி நாட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் நான்காம் நெறியைப் படித்துக் காட்டிக் கதவைத் தட்டினர்.

இந்தியா: மூடியிருந்த கதவு

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909இல் கேப்டன் டி. எச். பேக்கர் என்பவரால் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு நகரங்களிலும் படைகள் தோன்றின. இவை ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு உரியவை. இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை.

இதற்கு இனப்பாகுபாட்டோடு அரசியல் அச்சமும் காரணமாக இருந்தது. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்தது. வங்காளத்தில் இளைஞர்கள் உடற்பயிற்சிக் கூடங்கள் என்ற பெயரில் புரட்சிக் குழுக்களை நடத்தி வந்தனர். சாரணர் பயிற்சியோ வரைபடம் வரைதல், கொடியசைத்துச் செய்தி அனுப்புதல், தடம் அறிதல், அணியாகக் கட்டுப்பட்டு நடத்தல் ஆகியவற்றைக் கொண்டது. இவையெல்லாம் நல்ல குடிமகனுக்குப் பயன்படுவது போலவே புரட்சியாளனுக்கும் பயன்படும். இந்தியச் சிறுவர்களுக்குச் சீருடையும் இப்பயிற்சியும் அளிக்க அரசு தயங்கியது இதனால்தான்.

ஆனால் தடையால் சிறுவர்களின் ஆர்வத்தை நிறுத்த முடியவில்லை. மத்திய மாகாணத்தில் விவியன் போஸ் 1913இல் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் பணியைத் தொடங்கினார். இவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். ஐக்கிய மாகாணத்தின் ஷாஜகான்பூரில் ஸ்ரீராம் பாஜ்பாய் தாமாகவே ஒரு படையை உருவாக்கினார். கல்கத்தாவில் ஆல்பிரட் பிக்போர்டு என்னும் ஆங்கிலேய வணிகர், இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதிகாரிகளிடம் தொடர்ந்து வாதாடினார்.

சென்னையில் பிறந்த இந்தியச் சாரணர் சங்கம்

1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அடையாற்றில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் தலைவராக அவர் அப்போது இருந்தார். பயிற்சி முறை பேடன் பவலுடையதே. தோற்றமும் பண்பாடும் இந்திய மண்ணுக்கு ஏற்ப அமைந்தன. அகன்ற தொப்பிக்குப் பதிலாகச் சிறுவர்கள் தலைப்பாகை அணிந்தனர். பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்து இந்தியப் பாடல்களைப் பாடினர். சாதி, சமய வேறுபாடின்றி எல்லாரும் சேரலாம்.

அதே 1916 செப்டம்பரில் பெசன்ட் தன்னாட்சி இயக்கத்தையும் தொடங்கினார். 1917 ஜூனில் அவரும் அருண்டேலும் பி. பி. வாடியாவும் அரசால் காவலில் வைக்கப்பட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் செப்டம்பரில் விடுதலை செய்யப்பட்டனர். அவ்வாண்டு இறுதியில் பெசன்ட் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவரானார். சாரணர் சங்கத்தை நிறுவியவரையே அரசு காவலில் வைத்ததிலிருந்து, இந்தியச் சிறுவர்களின் சீருடையை அது எவ்வளவு ஐயத்தோடு பார்த்திருக்கும் என்பதை உணரலாம்.

வட இந்தியாவில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அலகாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1918இல் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். பெயருக்கேற்பத் தொண்டே அதன் உயிர்நாடி. திருவிழாக் கூட்டங்களில் வழிதவறிய குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்தல், முதியோரை நீராட அழைத்துச் செல்லுதல், நோய்க் காலங்களில் உதவுதல் போன்றவை அதன் அன்றாடப் பணிகள். நாளுக்கொரு நற்செயல் என்னும் சாரணர் வழக்கம் இந்தியத் தொண்டு மரபோடு இங்கே இயல்பாக இணைந்தது.

1921ஆம் ஆண்டு இணைப்பும் 1938ஆம் ஆண்டுப் பிரிவும்

தனித்தனிச் சங்கங்கள் பெருகியதால் நிலைமையை நேரில் காண 1921இல் பேடன் பவலும் அவர் துணைவியார் ஓலேவும் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டனர். இந்தியப் படைகளின் தரத்தைக் கண்ட பேடன் பவல், இந்தியச் சிறுவர்களைத் தாய் அமைப்பில் சேர்த்துக்கொள்ள இசைந்தார். பெசன்டின் சங்கம் அவ்வாண்டே இணைந்தது. பெசன்டுக்கு இந்தியாவின் மதிப்புறு ஆணையர் பதவி அளிக்கப்பட்டது. 1932இல் இயக்கத்தின் உயர் விருதான வெள்ளி ஓநாய் விருதும் வழங்கப்பட்டது.

சேவா சமிதி இணையவில்லை. உறுதிமொழியில் அரசருக்கு அளிக்கப்பட்ட இடமும் நிர்வாகத்தில் ஆங்கிலேயர் பெற்றிருந்த செல்வாக்கும் அதன் தலைவர்களுக்கு ஏற்புடையனவாக இல்லை. ஆகவே 1921க்குப் பிறகும் இந்தியாவில் இரண்டு பெரும் சாரணர் அமைப்புகள் அருகருகே இயங்கின.

1937இல் டெல்லியில் நடைபெற்ற அனைத்திந்தியப் பெருந்திரளணிக்குப் பேடன் பவல் தம் 80ஆவது வயதில் வந்தார். அதன் பின் இந்தியர்களின் குணநலனைக் குறைத்து மதிப்பிடும் வகையில் அவர் தெரிவித்த கருத்துகள் அச்சில் வெளிவந்தன. நாடெங்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. சாரணர் பலர் தாய் அமைப்பை விட்டு வெளியேறினர். 1938இல் சேவா சமிதியும் வேறு சில சங்கங்களும் சேர்ந்து இந்துஸ்தான் சாரணர் சங்கத்தை அமைத்தன. கதவைத் திறந்துவிட்டவரே உள்ளே வந்தவர்களைச் சமமாக மதிக்கவில்லை என்னும் எண்ணம்தான் இந்தப் பிரிவுக்கு அடிப்படை.

இலங்கையும் மலாயாவும்

இலங்கையில் 1912இல் மாத்தளையில் பிரான்சிஸ் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் முதல் படையைத் தொடங்கினார். மாத்தளை கிறிஸ்து தேவாலயக் கல்லூரி இதற்குக் களமாக அமைந்தது. பின்னர் பள்ளிகள் தோறும் படைகள் உருவாயின. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாச் சமூகத்து மாணவர்களும் தத்தம் பள்ளிகள் வழியாக இயக்கத்தில் சேர்ந்தனர்.

சிங்கப்பூரில் 1910 ஜூலையில் பிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் முதல் சாரணர் கூட்டத்தை நடத்தினார். பின்னாளில் மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை என்று அவர் போற்றப்பட்டார். தொடக்கத்தில் ஐரோப்பியச் சிறுவர்களைக் கொண்டிருந்த இயக்கம், காலப்போக்கில் மலாய், சீன, இந்தியச் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் சாரணர் பணிகள் நின்றன. போர் முடிந்ததும் மீண்டும் தளிர்த்தன. மலேசியாவில் சாரணர்கள் இன்று பெங்காகாப் என்னும் மலாய்ப் பெயரால் அழைக்கப்படுகின்றனர்.

தென்னாப்பிரிக்கா: நிறத்தால் பிரிந்த நான்கு பிரிவுகள்

நான்காம் நெறிக்கு மிகக் கடுமையான சோதனை தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது. 1908 முதலே அங்கே சாரணர் படைகள் இருந்தன. ஆனால் அவை வெள்ளையருக்கு மட்டும் உரியவை. கறுப்பினச் சிறுவர்கள் சாரணர் என்னும் பெயரைப் பயன்படுத்துவதைக்கூட வெள்ளையர் சாரணர் சங்கத்தார் விரும்பவில்லை. அதனால் 1922இல் டிரான்ஸ்வாலில் கறுப்பினச் சிறுவர்களுக்காகப் பாத்ஃபைண்டர் என்னும் பெயரில் ஒரு தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. வழிகாண்போர் என்பது அப்பெயரின் பொருள். சிறுமியருக்காக 1925இல் வேஃபேரர் என்னும் அமைப்பு தோன்றியது. வழிப்போக்கர் என்பது அதன் பொருள். முடிச்சு, முதலுதவி, பாசறை என எல்லாம் சாரணர் முறைதான். பெயர் மட்டும் மறுக்கப்பட்டது.

பாத்ஃபைண்டர்கள் தங்களைச் சாரணர்களாக ஏற்க வேண்டும் என்று தொடர்ந்து கேட்டனர். பேடன் பவல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோதெல்லாம் இச்சிக்கல் அவர் முன் வைக்கப்பட்டது. 1936இல் ஒரு சமரசம் எட்டப்பட்டது. வெள்ளையர், கறுப்பினத்தார், கலப்பினத்தார், இந்தியர் என நான்கு தனிப் பிரிவுகளைக் கொண்ட கூட்டமைப்பு உருவாயிற்று. சாரணர் என்னும் பெயர் எல்லாருக்கும் கிடைத்தது. ஒன்றாகப் பாசறை அமைக்கும் உரிமை கிடைக்கவில்லை. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்ற தமிழரின் வழிவந்த சிறுவர்களுக்கும் இந்தியப் பிரிவிலேயே இடம் கிடைத்தது.

1948இல் இன ஒதுக்கல் அரசின் கொள்கையான பிறகு இப்பிரிவினை மேலும் இறுகியது. 1976 ஜூனில் சொவெட்டோ நகர மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1977 ஜூலை 2 அன்று கூடிய சாரணர் மாநாட்டில் நான்கு பிரிவுகளும் கலைக்கப்பட்டு ஒரே இயக்கமாயின. நாட்டில் இன ஒதுக்கல் சட்டங்கள் நடைமுறையில் இருந்தபோதே இந்த முடிவு எடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. 1908இல் எழுதப்பட்ட ஒரு நெறியை முழுமையாக ஏற்க அந்த நாட்டு இயக்கத்துக்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் தேவைப்பட்டன.

சாரணியர் இயக்கம்

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியர் சிலர் தாங்களாகவே சீருடை அணிந்து வந்து தங்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டனர். அதன் விளைவாக 1910இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை முதலில் வழிநடத்தினார். பின்னர் ஓலேவ் பேடன் பவல் பொறுப்பேற்று, 1930இல் உலகத் தலைமைச் சாரணியர் ஆனார்.

இந்தியாவில் 1911இல் ஜபல்பூரில் முதல் சாரணியர் குழு தொடங்கியது. அதுவும் முதலில் ஐரோப்பியச் சிறுமியருக்கே உரியதாக இருந்தது. இந்தியச் சிறுமியருக்கு 1916இல் இடம் கிடைத்தது. இலங்கையில் 1917இல் கண்டி பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சாரணியர் இயக்கம் வேரூன்றியது. பெண்கள் வீட்டை விட்டு வெளியே தங்குவதையே ஏற்காத காலம் அது. அந்நிலையில் கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் அடிபட்டவருக்குக் கட்டுப்போடவும் சிறுமியருக்குக் கற்றுக்கொடுப்பது பெரிய மாற்றம். அவர்களைப் பாசறைக்கு அனுப்பப் பெற்றோரை இசைய வைக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகளே ஏற்றனர். 1928இல் உலகச் சாரணியர் சங்கம் அமைந்தபோது இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது.

விடுதலைக்குப் பின்

1947 ஆகஸ்டில் பிரான்சின் முவாசோனில் உலகச் சாரணர் பெருந்திரளணி நடந்தது. பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து புறப்பட்டுச் சென்ற சாரணர்கள் அங்கே ஒரே குழுவாகக் கூடாரம் அடித்திருந்தனர். அவர்கள் பாசறையில் இருந்தபோதே நாடு விடுதலை பெற்று இரண்டாகப் பிரிந்தது. ஒரு நாட்டவராகச் சென்றவர்கள் இரு நாட்டவராகத் திரும்பினர். அவ்வாண்டு டிசம்பரில் பாகிஸ்தான் சாரணர் சங்கம் உருவானது. முகமது அலி ஜின்னா அதன் முதல் தலைமைச் சாரணர் ஆனார்.

இந்தியாவில் பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கும் பணி தொடங்கியது. ஜவஹர்லால் நேருவும் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத்தும் இதில் ஆர்வம் காட்டினர். 1950 நவம்பர் 7 அன்று தாய் அமைப்பும் இந்துஸ்தான் சாரணர் சங்கமும் இணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்டு 15 அன்று சாரணியர் சங்கமும் அதில் சேர்ந்தது. சேவா சமிதியின் தலைவர்களுள் ஒருவரான குன்ஸ்ரு புதிய அமைப்பின் முதல் தேசிய ஆணையரானார். அரசருக்கு விசுவாசம் என்பதற்காகத் தாய் அமைப்பில் சேர மறுத்தவர், அரசர் இல்லாத உறுதிமொழியோடு அதே இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். இன்றைய உறுதிமொழி கடவுளுக்கும் நாட்டுக்கும் செய்ய வேண்டிய கடமையைச் சொல்கிறது. கடவுள் என்னும் சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்ல விரும்புவோர் அவ்வாறே சொல்லலாம்.

எல்லா நாடுகளிலும் இயக்கம் இவ்வாறு தொடரவில்லை. கானாவில் குவாமே இங்க்ருமாவின் அரசு 1960இல் இளம் முன்னோடிகள் என்னும் தன் சொந்த இளைஞர் அமைப்பை உருவாக்கியது. பிரிட்டிஷ் காலத்து அமைப்பு புதிய நாட்டின் குடிமக்களை உருவாக்க ஏற்றதன்று என்பது அதன் கருத்து. 1966இல் இங்க்ருமா ஆட்சி கவிழ்ந்ததும் இளம் முன்னோடிகள் அமைப்பு கலைக்கப்பட்டது. சாரணர்கள் நிலைத்தனர். பர்மாவில் இராணுவ ஆட்சியின்போது 1964இல் சாரணர் இயக்கம் தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2012இல் மீண்டும் உயிர் பெற்றது.

இந்த இரு நாடுகளின் வரலாறும் ஒன்றைக் காட்டுகிறது. சீருடை அணிந்த இளைஞரைக் கண்டு பிரிட்டிஷ் ஆட்சி அஞ்சியது போலவே, விடுதலைக்குப் பின் வந்த ஆட்சிகளும் அஞ்சின. தன் கட்டுப்பாட்டுக்கு வெளியே இளைஞர்கள் கூடிக் கற்பதை எந்த அதிகார ஆட்சியும் எளிதில் பொறுப்பதில்லை.

மதிப்பீடு

சாரணர் இயக்கம் பேரரசுக்கு விசுவாசமான குடிகளை உருவாக்கும் கருவியாகவே காலனி நாடுகளுக்கு அனுப்பப்பட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இதில் பெருமளவு உண்மை உண்டு. பேடன் பவல் பேரரசின் படைத்தளபதி. அவருடைய கையேட்டின் தொடக்ககாலப் பதிப்புகளில் பேரரசைக் காக்கும் கடமை வெளிப்படையாகவே பேசப்பட்டது. இனவேறுபாட்டை அவரும் அவருடைய அமைப்பும் பல இடங்களில் அனுமதித்தனர் என்பதையும் மறுக்க இயலாது.

அதே வேளையில், கருவியை உருவாக்கியவரின் நோக்கம் மட்டுமே அதன் வரலாறு ஆகிவிடாது. சென்னையிலும் அலகாபாத்திலும் டிரான்ஸ்வாலிலும் இருந்த ஆசிரியர்கள் நெறிகளை அச்சிட்டபடியே நம்பினர். சகோதரர் என்று எழுதியிருந்தால் அதற்குப் பொருள் சகோதரர்தான் என்று வாதிட்டனர். அனுமதி கிடைக்காத இடங்களில் காத்திருக்காமல் தாங்களே தொடங்கினர். தொப்பியை மாற்றினர், பாடல்களை மாற்றினர், இறுதியில் உறுதிமொழியையும் மாற்றினர். நாளுக்கொரு நற்செயலை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டனர். பிரிட்டிஷ் கொடி இறங்கிய பின்னும் இந்நாடுகளில் சாரணர் கொடி ஏறுவதற்கு இவர்களின் உழைப்பே முதன்மைக் காரணம்.

பேடன் பவல் தம் இறுதிக் காலத்தைக் கென்யாவில் கழித்து, 1941 ஜனவரி 8 அன்று காலமானார். அவருடைய கல்லறை அந்நாட்டின் நியேரி நகரில் உள்ளது. அவர் பிறந்த பிப்ரவரி 22ஆம் நாளைச் சாரணர்களும் சாரணியரும் சிந்தனை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஓலேவ் பேடன் பவலின் பிறந்த நாளும் அதுவே. 1966 அக்டோபரில் புனே நகரில் உலகச் சாரணியர் மையம் ஒன்றை ஓலேவ் திறந்து வைத்தார். பல நாட்டுச் சாரணியர் வந்து ஒன்றாகத் தங்கும் அந்த இல்லத்துக்குச் சங்கம் என்று பெயர். 2025 ஜனவரி இறுதியில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி தொடங்கியபோது, பல மாநிலங்களின் பிள்ளைகள் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினர். 1909இல் பெங்களூரில் தொடங்கிய படையில் இத்தகைய பிள்ளைகளுக்கு இடம் இருந்ததில்லை.